கல்லுக்கு அடியில் கரி

4-5-98. திங்கள்.
காலையிலிருந்து தூறல். மே மாதம் பிறந்தும் ஸ்வெட்டர். மகன் சண்முகமும் மருமகள் கவிதாவும் ஏழரைக்கே ஆளுக்கொரு காரில் கிளம்பிவிட்டார்கள். வீட்டில் நான் மட்டும்.

இன்று முதல் எழுதுவது என்று முடிவு. நோட்டு கவிதா கொடுத்தது. எழுத்து எனக்கு அறுபத்திரண்டு வயதில் சாயங்கால வகுப்பில் வந்தது, அதுவரை கைநாட்டு. கோணல் மாணலாக இருந்தால் என்ன, நான் ஒருவன்தான் படிக்கப்போகிறேன். ஞாபகத்துக்கு எழுத்து வேண்டியதில்லை. எனக்கு எதுவும் மறக்காது. சாட்சிக்கு வேண்டும்.

விஷயம்: பக்கத்து வீட்டுச் சீனக்கிழவர். கா. 9 மணி. ஒரு கையில் குடை, ஒரு கையில் சுத்தி. புல்தரையில் முளைக்குச்சி அடிக்கிறார். குச்சி பதினான்கு. வெள்ளைக் கயிறு. கோடு போட்ட மூங்கில் ஒன்று. அளக்கிறார், குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார், மறுபடி அளக்கிறார்.

அவர் வீடு தெருக்கடைசி. அதற்கு அந்தப்பக்கம் ஹைவே சத்தத்துக்குப் போட்ட மண்கரை. நம் வீட்டுக்கு இந்தப்பக்கம் மழைத்தண்ணீர்க் குட்டை. கயிறு அந்தக் கரையில் தொடங்கி நம் பக்கமாக நேரே வருகிறது. ஏன் வருகிறது?

இந்த ஊரில் வீட்டுக்கு வீடு வேலி கிடையாது. கல்லும் கிடையாது. வந்த அன்றே சண்முகத்திடம் நம் இடம் எதுவரை என்று கேட்டேன். கையை வீசி, அங்க வரைக்குமுங்கப்பா என்றான். அங்கே என்றால் எங்கே.

தூறல் விட்டதும் போய் அளந்தேன். நம் சுவர் மூலையிலிருந்து அவருடைய கடைசிக் குச்சிவரை, அடிமேல் அடி வைத்து, 41.

மதியம் புளிச்சாறு. முழங்கால் வலி.

5-5-98. செவ்வாய்.
வெயில். காற்று.
குச்சி அப்படியே. சீனர் கயிற்றை மட்டும் இறுக்கினார். நான் ஜன்னலில். என்னைப் பார்த்துக் கை ஆட்டினார். நான் ஆட்டவில்லை.

முதலில் கை ஆட்டுவார்கள். அறுபத்தொன்றாம் வருஷம் என் அண்ணன் அதைத்தான் செய்தார். தை மாதம். சோளத்தட்டு அறுத்து முடித்த வாரம். எங்கள் இரண்டு பேர் காட்டுக்கும் நடுவே இருந்த எல்லைக்கல்லை என் பக்கம் தள்ளி நட்டுவிட்டார். இரண்டடி அகலம், காடு நீளத்துக்கும். வாய்க்கால் ஓரம், நல்ல மண். அளந்துதான் சொன்னேன். பஞ்சாயத்தில் எழுத்து இருக்கிறதா என்றார்கள். எழுத்துக்கு நான் எங்கே போவேன்.

எங்கள் பக்கம் எல்லைக்கல் நட்டால் அடியில் ஒரு கூடை கரி போடுவார்கள். கரி மக்காது. கல்லை எவன் நகர்த்தினாலும் கரி இருந்த இடத்தில் இருக்கும். பஞ்சாயத்தில் தோண்டிப் பார்த்துவிடலாம் என்றார்கள். அண்ணனும் தோண்டு என்றார். நான் வேண்டாம் என்றேன். கல்லை நகர்த்தியவர் கரியையும் நகர்த்தியிருப்பார், அது தெரியாதவனா நான். எழுந்து வந்துவிட்டேன். அதோடு பேச்சு இல்லை. முப்பத்தேழு வருஷம்.

7-5-98. வியாழன்.
நேற்று முழுக்க மழை, எழுத ஒன்றும் இல்லை. இன்று நிறைய.
1. கரை ஓரம் புல்லைப் பெயர்த்து, மண்ணை வட்டமாகக் குவித்திருக்கிறார். இடுப்பு உயரம். சுற்றிச் செங்கல்.
2. குவியலுக்கு முன்னால் செங்கல்லில் மாடம் போல ஒன்று.
3. அதிலிருந்து நம் பக்கமாகப் பாதை. சரளைக்கல். நேராக வந்து ஓர் இடத்தில் ஒடிந்து திரும்பி மறுபடி நேராகிறது.
4. பாதையின் இரு பக்கமும் பிளாஸ்டிக் மிருகங்கள், ஜோடி ஜோடியாக. சிங்கம், யானை, குதிரை, ஒட்டகச்சிவிங்கி. ஒன்று நிற்கிறது. அடுத்ததைக் கால் தெரியாமல் மண்ணில் புதைத்திருக்கிறார்.

செய்வினையோ. பாதி புதைத்த மிருகம் வேறு எதற்கு?

ஈரம், சண்முகத்தின் கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு போய் மறுபடி அளந்தேன். 38. மூன்றடி உள்ளே வந்திருக்கிறது. இரண்டு தடவை எண்ணினேன். 38தான்.

9-5-98. சனி.
சண். வீட்டில். காபி குடிக்கும்போது சொன்னேன். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, அவர் ஏதோ கார்டன் போடுகிறார், விடுங்கள் என்றான். குச்சி மூன்றடி நகர்ந்ததைச் சொன்னேன். நம் இடத்துக்குப் பிளான் இருக்கிறது, வீடு வாங்கிய ஃபைலில், தேட வேண்டும் என்றான். கல் நடலாமே என்றேன். தெரு வீட்டுக்காரர்கள் அசோசியேஷன் விடாதாம். வேலி போட்டாலும் விடாதாம். சங்கத்தில் யாரோ சீனருக்கு வேண்டியவர் இருக்க வேண்டும்.

கவிதா பணியாரம் சுட்டு அவர்கள் வீட்டுக்கு ஒரு டப்பா கொண்டுபோனாள். திரும்பி வரும்போது ஒரு பை ஆரஞ்சு. அரைமணி நேரம் பேச்சு. கேட்டால், அவங்க பொண்ணு லின் என் மாதிரியே டேட்டாபேஸ் வேலைங்க மாமா, ரொம்ப நல்ல மாதிரி என்கிறாள். அந்த மண்மேடு என்னவென்று கேட்டாயா என்றால், கேட்கவில்லையாம். அரைமணி நேரம் வேறென்ன பேசினார்கள்.

ஆரஞ்சு புளிப்பு. தின்றேன்.

12-5-98. செவ்வாய்.
வெயில். கல் நட்டாயிற்று.
கல் கிடைத்தது குட்டை ஓரம், முழங்கால் உயரம், ஒரு முகம் தட்டை. தூக்க முடியவில்லை. கராஜில் வாங்கி வைத்த குழந்தை வண்டி கிடந்தது. கவிதாவுக்கு ஆறாம் மாதம், வண்டிக்கு இன்னும் வேலை வரவில்லை. அதில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். எதிரே நாயோடு வந்த வெள்ளைக்காரம்மா குழந்தையைக் கொஞ்சக் குனிந்தாள். கல்லைப் பார்த்து நிமிர்ந்து போய்விட்டாள்.

இடம் எப்படிக் கண்டேன்: நம் சுவரிலிருந்து அவர்கள் சுவர்வரை அளந்து, சரிபாதி. இதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. முக்கால் முழம் குழி. கரி வேண்டுமே. கறி சுட வாங்கின மூட்டை கராஜில் இருந்தது. அதில் இரண்டு கூடை அள்ளிப் போட்டு, கல்லை நிறுத்தி, மண் தள்ளி மிதித்தேன். கிணற்றுக்குக் கல் கட்டிய கை. அசையாது.

நிமிர்ந்தால் சீனர் நிற்கிறார். எப்போது வந்தார் தெரியாது. கல்லைப் பார்த்தார். தன் மேட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. கல்மேல் கை வைத்து ஏதோ சொல்லி இரண்டு தடவை தலை ஆட்டினார். சண்டைக்கு வருவார் என்று மண்வெட்டியை விடாமல் பிடித்திருந்தேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

சிரிப்பானேன். இடம் போகிறவன் சிரிப்பானா?

13-5-98. புதன்.
நினைத்தது சரி. காலையில் போய்ப் பார்த்தால் என் கல்லின் தட்டை முகத்தில் சிவப்புப் பெயின்ட். அவர்கள் எழுத்து. மேலிருந்து கீழாக இரண்டு வரிசை.

நான் நட்ட கல்லில் அவர் எழுத்து. அண்ணன்கூட இதைச் செய்யவில்லை.

மண்ணெண்ணெய் தேடினேன், இல்லை. தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. பிறகு தோன்றியது, அழிக்கவும் கூடாது. அதுவே சாட்சி.

சாப்பிடவில்லை. மா. 6½ சண். வந்தான். கூட்டிப்போய்க் காட்டினேன். எழுத்தைப் பார்க்கவில்லை, கல்லைத்தான் பார்த்தான்.
"ஏனுங்கப்பா, யாருங்க உங்களைக் கல்லு நடச் சொன்னது? பக்கத்துல இருக்கறவங்க மூஞ்சியில நான் முழிக்கோணுமா வேண்டாமா?"
இடம் உன்னுடையது, அதனால்தான் என்றேன்.
"என் இடம், நான் பாத்துக்கறேன். நாளைக்கு அவங்ககிட்ட சாரி சொல்லிட்டுக் கல்லைப் பிடுங்கறேன்."
கவிதா உள்ளே இருந்து மெதுவாக ஏதோ சொன்னாள். இங்கிலீஷில். எனக்குத் தெரியக்கூடாதது.

14-5-98. வியாழன்.
மேகம். மா. 7 மணிக்கு நாங்கள் போகுமுன் அவர்களே வந்துவிட்டார்கள். சீனரும் லின்னும். கையில் கேக். சண். சாரி சாரி என்று ஆரம்பித்தான். அந்தப் பெண் அவன் கையைப் பிடித்து, அப்பா நேற்று முழுக்க உங்கள் அப்பாவைப் பற்றியேதான் பேசினார் என்றது.

சீனர் லின்னுக்குச் சீனத்தில், லின் கவிதாவுக்கு இங்கிலீஷில், கவிதா எனக்குத் தமிழில். மூன்று வாய் மாறி வந்ததை அப்படியே நம்ப முடியாது. வந்ததை எழுதுகிறேன்.

அந்த மேடு ராஜா சமாதி. நிஜத்தில் அது ஒரு குன்று அளவு. இவர் இளவட்டமாக இருந்தபோது அப்படி ஒன்றைத் திறந்தார்கள், இவர் அங்கே மண் சுமந்தவர். வருஷக்கணக்காக. வாசல் எங்கே என்று யாருக்கும் தெரியாது. ராஜா வேண்டுமென்றே மறைத்தது. தோண்டத் தோண்ட வெறும் மண். ஒருநாள் மண்ணுக்குள் ஒரு சின்னக் கல் அகப்பட்டது. அதில் எழுத்து: இந்தக் கல்லிலிருந்து உள்சுவர் இத்தனை தூரம், இத்தனை ஆழம். அதை வைத்துத்தான் வாசலுக்குப் போனார்கள்.

இங்கே எல்லாம் செய்து முடித்தார், அந்தக் கல் மட்டும் பாக்கி. செவ்வாய்க்கிழமை பார்த்தால் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு கல்லைக் கொண்டுவந்து நடுகிறார். பாதை முடிகிற இடத்தில். கரி போட்டு. சொல்லாமலே தெரிந்துகொண்ட மனிதர் என்று இவருக்குத் தூக்கமே இல்லையாம்.

கல்லில் எழுதியது: இங்கிருந்து உள்சுவர் முப்பத்தாறு அடி.

சண். என்னைப் பார்த்தான். நான் கேக்கைப் பார்த்தேன். எதற்காக நட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

16-5-98. சனி.
நல்ல வெயில். சீனர் கூப்பிட்டு முழுக்கக் காட்டினார். காலை பத்திலிருந்து ஒரு மணிவரை. மொழிபெயர்க்க லின்னும் கவிதாவும், கவிதாவுக்கு நாற்காலி.

பின்னால் மலை, முன்னால் தண்ணீர், அப்படி இடம் பார்த்துத்தான் சமாதி. அதனால்தான் மண்கரையில் தொடங்கிக் குட்டையைப் பார்த்துக் கோடு. நம் வீடு நடுவில் அகப்பட்டது, அவ்வளவே என்கிறார். இருக்கலாம்.

பாதை ஒடிவது: கெட்டது நேர்கோட்டில்தான் வருமாம்.

மிருகங்கள்: நிஜத்தில் கல்லில், ஆள் உயரத்துக்கு மேல். ஒன்று நிற்கும், ஒன்று படுத்திருக்கும், முறை மாற்றிக் காவல். பிளாஸ்டிக் மிருகம் உட்காராது, அதனால் காலைப் புதைத்தார். ஒட்டகம் கடையில் கிடைக்கவில்லை, அதனால் ஒட்டகச்சிவிங்கி.

பிறகு மேட்டின் மேல்மண்ணை ஒரு பலகையோடு தூக்கினார். உள்ளே அறைகள். செங்கல்லில் வளைத்துக் கட்டியிருக்கிறார், உத்தரம் இல்லை, தூண் இல்லை. நிஜத்தில் அத்தனையும் கல். மேலே அவ்வளவு மண் ஏறினால் அமுக்காதா என்றேன். அமுக்க அமுக்கக் கல் இறுகும் என்று கையைக் கோத்துக் காட்டினார். அது சரி. மதகு வளைவும் அப்படித்தான். இந்த இடத்தில் மூன்று வாயும் தேவைப்படவில்லை.

தண்ணீர் எங்கே போகும் என்றேன். கிணறு கட்டியவன் முதலில் கேட்கிற கேள்வி. சிரித்தார். கெட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து மேட்டின்மேல் ஊற்றினார். அடியில் குழாய் வழியாகக் குட்டைப் பக்கம் வந்தது. முழுக்க வரவில்லை. பாதிதான். உள்ளே இறங்குகிறது. சொன்னேன். ஒப்புக்கொண்டார்.

கதவு. இதைத்தான் எழுத வேண்டும். கல் கதவு, இரட்டை, ஒவ்வொன்றும் ஒரே பலகை. சுழல்கிற பக்கம் கனம், திறக்கிற பக்கம் மெலிசு. அதனால் அத்தனை எடையையும் ஓர் ஆள் தள்ளலாம். உள்ளே தாழ்ப்பாள். உள்ளே ஆள் இல்லாமல் உள்ளே எப்படித் தாழ்ப்பாள் என்றேன், பொய் என்று. இரண்டு ஓட்டுத்துண்டைக் கதவாக வைத்தார். பின்னால் ஒரு குச்சியைச் சாய்த்து, அடி ஒரு பள்ளத்தில், தலை கதவின்மேல். வெளியே வந்து கதவைச் சாத்தச் சாத்தக் குச்சி சரிந்து, கடைசியில் கதவு முதுகில் இருக்கிற புடைப்பில் டக்கென்று முட்டு கொடுத்தது. தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. ஓடு உடைந்திருக்கும், திறந்திருக்காது. கடைசி ஆள் வெளியே வந்ததும் சமாதி தன்னைத் தானே பூட்டிக்கொள்கிறது. நான்கு தடவை செய்யச் சொன்னேன்.

அந்த ராஜாவை எனக்குப் பிடித்துவிட்டது. யாரையும் நம்பவில்லை. திருடனை, கட்டியவனை, பெற்ற பிள்ளையை. செங்கல்லில்கூடச் சுட்டவன் பெயரைப் பொறிக்கச் சொன்னானாம், பழுது வந்தால் பிடிக்க. எங்கள் ஊர் மதகைக் கட்டிய கான்ட்ராக்டர் பெயரை அப்படிப் பொறித்திருக்க வேண்டும்.

அப்படிப்பட்டவன் வழி சொல்லும் கல்லை ஏன் விட்டுவைத்தான் என்றேன். அவன் விடவில்லை, கட்டியவர்கள் விட்டது என்றார். ராஜா உயிரோடிருக்கும்போதே சமாதி முடிந்துவிட்டது. மூடிவிட்டார்கள். செத்த அன்று மறுபடி திறந்தாக வேண்டும். எங்கே தோண்டுவது? மறந்துபோனால் தலை போகும். அதனால் ஒரு கல்லில் எழுதிப் புதைத்தார்கள்.

இன்னொன்றும் சொன்னார். கல் அகப்படும் முன்பே வழியை மண்ணில் பார்த்தார்களாம். தோண்டி மூடிய மண்ணும் தோண்டாத மண்ணும் எத்தனை நூறு வருஷம் ஆனாலும் ஒட்டாது, நிறம் வேறு, இறுக்கம் வேறு. உண்மை. எனக்கு ஒரு பிடி மண் போதும், கண்டுபிடித்துவிடுவேன்.

இதை எழுதிவிட்டு 5-5-98 பக்கத்தைத் திருப்பிப் படித்தேன்.

17-5-98. ஞாயிறு.
சண். பிளானைத் தேடி எடுத்துவிட்டான். நான் கேட்கவில்லை, அவனாக. டேப்போடு வந்தான். நமக்கும் அவர்களுக்கும் நடுவே இரண்டு மூலையிலும் இரும்புக் கம்பி புதைத்திருக்கும் என்று பிளானில் இருக்கிறதாம். கொத்துமண்வெட்டியால் புல்லைக் கிளறினான். ஒரு சாண் ஆழத்தில் இருந்தது, தலையில் மஞ்சள் தொப்பி போட்டு. இங்கேயும் சாட்சியை மண்ணுக்குள்தான் வைக்கிறார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

கம்பிக்குக் கம்பி கயிறு பிடித்தோம்.
சீனரின் கடைசிக் குச்சி: கயிற்றுக்கு அந்தப்பக்கம் எட்டடி.
என் கல்: கயிற்றுக்கு அந்தப்பக்கம் ஒன்றேகால் அடி.

எல்லை, இரண்டு சுவருக்கும் நடுவில் இல்லை. நம் வீட்டை அவர்கள் பக்கம் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள்.

சண். டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டான். கோபமாகக்கூட இல்லை.
"இப்ப யாருங்கப்பா அடுத்தவங்க எடத்துல கல்லு நட்டது?"

குச்சி மூன்றடி நகர்ந்ததே என்றேன். எப்படி அளந்தீர்கள் என்றான். காலால் என்றேன். முதல் நாள் என்ன போட்டிருந்தீர்கள்? ரப்பர் செருப்பு. இரண்டாம் நாள்? உன் ஷூ. செருப்பையும் ஷூவையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

ஷூ செருப்பைவிட ஒரு விரற்கடை நீளம். காலடி நீண்டால் எண்ணிக்கை குறையும்.

கல்லைப் பிடுங்கக் கடப்பாரை கேட்டு சீனர் வீட்டுக்குப் போனேன், சைகையில். கல்லைப் பிடுங்குவது போலக் காட்டினேன். முகம் விழுந்துவிட்டது. லின் வந்து, இடம் எங்களுடையதாகவே இருக்கட்டும், கல் இருக்கட்டும், நகர்த்தினால் அப்பா எழுதிய கணக்குப் பொய்யாகிவிடும் என்றது. பின்னாலேயே வந்த கவிதா அதைத் தமிழில் சொன்னாள்.

பிடுங்கவில்லை.

18-5-98. திங்கள்.
வெயில். காற்று இல்லை. எல்லோரும் வேலைக்கு.
எனக்கு எதுவும் மறக்காது என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அதனால் இதையும் எழுத வேண்டும்.

அறுபதில் அண்ணன் கல்யாணத்துக்கு முன், காட்டைப் பிரித்த அன்று நான் அளந்தது வெறுங்காலில். வெயில் சுட்டது, குதித்துக் குதித்துப் போனேன். அண்ணன் சிரித்தார். அறுபத்தொன்று தை மாதம் அளந்தபோது காலில் செருப்பு. டயர் செருப்பு. அதற்கு முந்தின சந்தையில் வாங்கியது. புதுசு, குதிகால் கடித்தது. அந்தக் கடியோடு காட்டின் குறுக்கே எண்ணினேன்.

முப்பத்தேழு வருஷமாக செருப்பு ஞாபகம் இருந்தது. எண்ணிக்கையும் ஞாபகம் இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை.

இருந்தாலும் அண்ணன் நகர்த்தவில்லை என்று ஆகிவிடாது. நகர்த்தியும் இருக்கலாம். குழியைத் திறந்திருந்தால் மண்ணைப் பார்த்தே சொல்லியிருப்பேன், கரி போட்டபடி இருக்கிறதா, பிறகு கை பட்டதா என்று. என்னைவிட யாருக்குத் தெரியும். அண்ணன் தோண்டு என்றார். நான்தான் எழுந்து வந்தேன்.

மதியம் சீனர் தேநீர் கொண்டுவந்தார். கல் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தோம். கசப்பு. பேச ஒரு பாஷையும் இல்லை.

மா. 8½. சண். வந்து சாப்பிட்டதும் பெரியப்பாவுக்குப் போன் போடு என்றேன். தட்டிலிருந்து கையை எடுக்காமல் கவிதாவைப் பார்த்தான். அங்கே ஊரில் செவ்வாய் காலை ஆறு மணி. அண்ணனுக்கு எழுபத்துமூன்று, அந்நேரம் எழுந்திருப்பார். நம்பர் அவனிடம் இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இவர்கள் பேசுவதுண்டு, நான் மாடிக்குப் போய்விடுவேன்.

மணி ஆறு தடவை அடித்தது. சண். ஏதோ சொல்லி ரிசீவரை என் காதில் வைத்தான். இருமல். அதே இருமல்.

அண்ணா, அந்தக் கல்லுக்கு அடியில் தோண்டச் சொல்லுங்கள், கரி எங்கே இருக்கிறதென்று பார்த்துவிடலாம் என்றேன். நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

அண்ணன் மறுபடி இருமினார்.
"நான் தோண்டுனா நீ நம்ப மாட்டடா. நீயே வந்து தோண்டு. அதுவரைக்கும் நான் உசுரோட இருக்கறேன்."
சரி என்றேன்.
"கடப்பாரை இங்கயே இருக்குது. வெறுங்கையோட வா."

இருக்கும். அது என்னுடைய கடப்பாரை. அறுபதில் வாங்கிக்கொண்டு போனவர் திருப்பித் தரவில்லை.